நுரையீரலில் ரத்தக்கட்டி, காத்தீட்டர் விட்டுக் கரைக்கக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

சந்தூர் தோப்பு · இரவு 10.50

அவசரம். தெரிந்தவர்கள் யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. சந்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. பெங்களூரா அறுப்பு தொடங்கிய சமயத்தில் ஏணி சறுக்கி விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஊர் வழக்கப்படி நாட்டுக் கட்டு போட்டு, கட்டிலிலேயே படுத்திருந்தார். மூன்று வாரம் ஆகப் போகிறது. இன்று காலை கொல்லைப்பக்கம் போய்த் திரும்பும்போது மூச்சு வாங்கி, கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். முதலில் காட்டிய இடத்தில் மாரடைப்பு என்று நினைத்து இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் தர்மபுரியில் எக்கோ எடுத்த டாக்டர்தான், இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கும் என்று சொல்லி, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்.

இப்போது சேலத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் இருக்கிறார். சிடியில் இரண்டு பக்க நுரையீரல் தமனியிலும் கட்டி. பி.பி. 108/70, பல்ஸ் 122. ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமல் 88, மாஸ்க் வைத்தால் 95. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் கூடியிருக்கிறதாம். "ஹெப்பாரின் மட்டும் போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் காத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகக் கட்டிக்குள்ளேயே மருந்து விட்டுக் கரைக்கலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. பேசி முடிவு சொல்லுங்கள்" என்கிறார்கள். மாமா வேண்டாம் என்கிறார். அம்மா என் முகத்தைப் பார்க்கிறார்.

ராயக்கோட்டை ரோடு · இரவு 11.05

தம்பி, பயப்படாதீங்க. ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்தும் போடாதீங்க. என் சித்தப்பா மகனுக்கு இதே நுரையீரல் கட்டிதான். வயிற்றில் போடும் ஊசி, அப்புறம் மாத்திரை, வேறு எதுவும் இல்லை. நடந்து வீட்டுக்கு வந்தான். இந்த வயர், குழாய் எல்லாம் பில்லை ஏற்றும் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

தொப்பூர் இறக்கம் · இரவு 11.20

நான் மருத்துவர், நெஞ்சக நோய்ப் பிரிவு. உங்கள் அப்பாவை நேரில் பார்க்காதவன். அங்கே இருக்கும் மருத்துவர்தான் முடிவு சொல்ல முடியும். அவரிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் விஷயம். ஏணியிலிருந்து விழுந்தார் என்கிறீர்கள். தலையில் அடிபட்டதா? சின்னக் காயமாக இருந்தாலும் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து நுரையீரல் கட்டியை மட்டும் தேடிப் போய்க் கரைப்பதில்லை. உடம்பில் எங்கே புண் ஆறிக் கொண்டிருக்கிறதோ அங்கேயும் ரத்தத்தை அவிழ்த்துவிடும். மூளைக்குள் பழைய கசிவு ஏதாவது இருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. அவர் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, வயிற்றுப் புண், கறுப்பு மலம், முன்பு பக்கவாதம் உண்டா, இதையும் சொல்லுங்கள். மரத்திலிருந்து விழுந்த கதையை மூன்றாவது ஆஸ்பத்திரிக்கு வரும்போது யாரும் முழுதாகச் சொல்வதில்லை. "கால் உடைந்தது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சந்தூர் தோப்பு · இரவு 11.31

டாக்டர், விழுந்தபோது இடது புருவத்துக்கு மேல் கிழிந்து தையல் போட்டார்கள். மயக்கமெல்லாம் இல்லை. தலை ஸ்கேன் எடுக்கவில்லை. இங்கே யாரும் இதைக் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. இதோ உள்ளே போகிறேன்.

தொப்பூர் இறக்கம் · இரவு 11.50

உடனே சொல்லுங்கள். தலைக்கு ஒரு சாதாரண சிடி எடுத்துப் பார்ப்பார்கள். அது முடியும் வரை ஹெப்பாரினைத் தொடரலாமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

அதற்குள் நண்பர் ராயக்கோட்டை ரோடு சொன்னதற்கு வருகிறேன். அவர் சித்தப்பா மகன் கதை பொய்யில்லை. நுரையீரல் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹெப்பாரின் வகை ஊசியும் மாத்திரையுமே போதும். இந்த மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமல் நிறுத்துகின்றன. கரைக்கும் வேலையை உடம்பே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. அதுவரை இதயம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

நுரையீரல் கட்டியில் ஆளைக் கொல்வது மூச்சு இல்லை, இதயத்தின் வலது அறை. அது மெல்லிய சுவர். நுரையீரலுக்கு ரத்தம் தள்ள அவ்வளவு பலம் தேவையில்லை என்பதால் இயற்கை அதை அப்படி வைத்திருக்கிறது. தமனி திடீரென்று அடைத்துக்கொண்டால், டெலிவரி வால்வை மூடிவிட்டுக் கிணற்று மோட்டாரைப் போட்ட கதைதான். அறை வீங்குகிறது, வீங்கிய அறை நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது, இடது அறைக்கு ரத்தம் குறைகிறது, பி.பி. சரிகிறது. இந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுவது வீங்கிய அறையை இன்னும் வீங்க வைக்கும். நல்ல எண்ணத்தில்தான் ஏற்றுகிறார்கள், அது வேறு.

ஆகவே நாங்கள் மூன்று தட்டாகப் பிரித்துப் பார்ப்போம். மேல் பி.பி. 90க்குக் கீழே போய்விட்டவர்கள் முதல் தட்டு. அங்கே யோசிக்க நேரம் கிடையாது, கையிலே உள்ள நரம்பு வழியாகவே முழு அளவுக் கரைப்பு மருந்து, முடியாதென்றால் அறுவை அல்லது காத்தீட்டர். பி.பி. நன்றாக இருந்து இதயமும் நன்றாக இருப்பவர்கள் மூன்றாவது தட்டு, ராயக்கோட்டை நண்பரின் தம்பி அங்கே இருந்திருப்பார். நடுத்தட்டுதான் தலைவலி. பி.பி. நிற்கிறது, ஆனால் எக்கோவில் வலது அறை வீங்கியிருக்கிறது, ட்ரோபோனின் கூடியிருக்கிறது. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சந்தூர் தம்பியின் அப்பா இந்த நடுத்தட்டின் மேல் விளிம்பில் இருக்கிறார்.

ராயக்கோட்டை ரோடு · நள்ளிரவு 12.10

சரி டாக்டர், நடுத்தட்டு என்றே வைத்துக்கொள்வோம். முழு மருந்தையும் கையில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததே. தொடை வழியாக இதயத்துக்குள் வயர் விட்டுத்தான் ஆக வேண்டுமா?

தொப்பூர் இறக்கம் · நள்ளிரவு 12.35

நியாயமான கேள்வி. உலகமே இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் பெய்த்தோ என்ற ஆய்வை நடத்தியது. 2014ல் முடிவு வந்தது. நடுத்தட்டு நோயாளிகள் 1005 பேர். பாதிப் பேருக்கு டெனெக்டெப்ளேஸ் என்ற கரைப்பு மருந்து முழு அளவும் ஹெப்பாரினும், மீதிப் பேருக்கு ஹெப்பாரின் மட்டும். ஒரு வாரத்துக்குள் இறந்தவர்களும் பி.பி. சரிந்தவர்களும் சேர்த்து, கரைப்பு மருந்து பெற்றவர்களில் 2.6 சதவீதம், பெறாதவர்களில் 5.6 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் மூளையில் ரத்தக் கசிவு மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கு, பெறாதவர்களில் ஒரே ஒருவருக்கு. இறப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் 2019ன் ஐரோப்பிய வழிகாட்டுதல், நடுத்தட்டுக்காரர்களுக்கு முழு அளவு மருந்தை வழக்கமாகக் கொடுக்காதே, ஹெப்பாரின் போட்டு உற்றுக் கவனி, சரிந்தால் மட்டும் கொடு என்கிறது.

காத்தீட்டர் இந்த இடுக்கில் பிறந்தது. கையில் ஏற்றும் மருந்து ரத்தம் ஓடுகிற பக்கம்தானே போகும்? அடைத்த குழாயில் ஓட்டமே இல்லை, திறந்திருக்கும் கிளைகள் வழியாகப் போய்விடுகிறது. அதனால் நிறைய மருந்து தேவைப்படுகிறது. ஆல்டெப்ளேஸ் என்ற கரைப்பு மருந்தென்றால் 2 மணி நேரத்தில் 100 மில்லிகிராம். காத்தீட்டரின் துளைகளைக் கட்டிக்குள்ளேயே நிறுத்தினால் மணிக்கு ஒரு மில்லிகிராம் வீதம் சொட்டவிட்டால் போதும், மொத்தத்தில் 20, 24 மில்லிகிராமுக்குள் முடிந்துவிடும். நாலில் ஒரு பங்கு. மருந்து குறைந்தால் மூளைக் கசிவு குறையும் என்பது எதிர்பார்ப்பு. 150 பேரிடம் செய்து 2015ல் வெளியான சியாட்டில் 2 ஆய்வில் ஒருவருக்குக்கூட மூளைக் கசிவு வரவில்லை. ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வேறு இடங்களில் கவனிக்கத்தக்க ரத்தக் கசிவு வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஹெப்பாரின் குழுவும் கிடையாது.

அரூர் ஐசியூ · நள்ளிரவு 12.50

நான் ஐசியூ செவிலியர். சந்தூர் தம்பிக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். டாக்டர்கள் சொல்ல மறக்கிற விஷயம் இது.

இது மூத்திரத்துக்குப் போடும் குழாய் இல்லை, முதலில் அதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். தொடை இடுக்கில், சில இடங்களில் கழுத்தில், மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடியே சிரைக்குள் சின்ன உறை ஒன்றை நுழைப்பார்கள். அதன் வழியாக வலது இதயத்தைத் தாண்டிக் காத்தீட்டர் போகும். இதயத்துக்குள் போகும்போது கொஞ்ச நேரம் படபடவென்று துடிக்கும், மானிட்டர் கத்தும். காத்தீட்டர் வைக்கும் அறையான கேத் லேபில் அதற்கு யாரும் பதற மாட்டார்கள். இரண்டு பக்கமும் கட்டி என்றால் இரண்டு காத்தீட்டர். வைப்பதற்கு ஒன்றும் பெரிய நேரம் ஆகாது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை, ஐசியூவில்.

உறை இருக்கும் காலை மடக்கக் கூடாது. தலையணையைக் கொஞ்சம்தான் உயர்த்துவோம். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு காலில் கட்டு. இன்னொரு காலையும் நீட்டியே வைக்கச் சொன்னால் அவர் கோபப்படுவார். எல்லா அப்பாக்களும் கோபப்படுவார்கள். மணிக்கு மணி எழுப்பி, பேர் என்ன, இது எந்த ஊர், இரண்டு கையையும் தூக்குங்கள் என்று கேட்போம். தூங்க விடாமல் தொல்லை செய்கிறார்கள் என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள். மூளையில் கசிவு வந்தால் முதலில் தெரிவது பேச்சிலும் கையிலும்தான், அதற்காகத்தான் கேட்கிறோம். தொடையில் துணியை விலக்கி விலக்கிப் பார்ப்போம், மூத்திரத்தின் நிறம் பார்ப்போம், ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜென் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை இடையிடையே போகும். அது ரொம்பக் குறைந்தால் மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். இடுப்பு ஊசி கிடையாது. பிளேடு போட்டுச் சவரம் கிடையாது. பல் தேய்ப்பதுகூட ஈரத் துணியில்தான்.

சந்தூர் தோப்பு · நள்ளிரவு 1.25

தலை சிடி எடுத்தாகிவிட்டது, கசிவு ஏதும் இல்லை என்றார்கள். புருவக் காயத்தைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். அப்பா தினமும் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுவதையும் சொன்னேன், நிறுத்திவிட்டார்கள்.

நேரடியாகவே கேட்டேன், உங்கள் அப்பா என்றால் என்ன செய்வீர்கள் என்று. "பல்ஸ் குறைந்துகொண்டே வந்தால் ஹெப்பாரினோடு காத்திருப்பேன். இங்கே கூடிக்கொண்டு வருகிறது" என்றார். இப்போது 128. பி.பி. 100க்கு வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாமா வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார்.

தொப்பூர் இறக்கம் · நள்ளிரவு 1.32

அவர் சொன்னதுதான் சரியான பதில். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது முக்கியம்.

கேத்லேப் கிருஷ்ணகிரி · காலை 7.15

இரவே பார்த்திருந்தால் எழுதியிருப்பேன். நான் கேத் லேப் டெக்னீஷியன், பெங்களூரில் வேலை. காசு விஷயம் பேசுபவர்களுக்காக ஒன்று.

இதில் இரண்டு வகைக் காத்தீட்டர் இருக்கிறது. ஒன்று பக்கவாட்டில் துளைகள் உள்ள சாதாரணமானது. இன்னொன்று மருந்தோடு அல்ட்ராசவுண்ட் அலையும் அனுப்பும் ஈகோஸ் வகை. 2014ல் அமெரிக்காவில் நுரையீரல் கட்டிக்கு அனுமதி கிடைத்தது. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கட்டி கரைந்த அளவில் அப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறதா என்று 81 பேரிடம் பார்த்த சன்செட் ஆய்வு 2021ல் வந்தது. இல்லை என்றது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் "ஈகோஸ் இல்லையா, அப்படியென்றால் வேறு இடம் போகிறோம்" என்று ஐசியூ நோயாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

உறிஞ்சி எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. பெரிய குழாய் விட்டுக் கட்டியை அப்படியே இழுப்பது, கரைப்பு மருந்தே இல்லாமல். அதையும் காத்தீட்டர் கரைப்பையும் ஒப்பிட்ட பியர்லெஸ் ஆய்வு 2024ல் வந்தது. உறிஞ்சியவர்களுக்கு ஐசியூ வாசம் குறைந்தது, இடையில் நிலை மோசமாவது குறைந்தது. இறப்பில் வித்தியாசமில்லை. மருந்தே கொடுக்க முடியாத ஆளுக்கு அது வரப்பிரசாதம். கருவி விலையைக் கேட்டால்தான் நமக்கு மூச்சு வாங்கும்.

முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பதோடு நின்றுவிடாதீர்கள். சேர்க்கும்போதே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் போய், இந்தச் சிகிச்சை இங்கே இந்த அட்டையில் வருமா, காத்தீட்டருக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குள் நுழைவதற்கு முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

ராயக்கோட்டை ரோடு · காலை 7.40

நான் சொன்னது பில்லைப் பற்றித்தான், டாக்டர்களைப் பற்றி இல்லை. சரி, ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹெப்பாரினை விடக் காத்தீட்டர் உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபணம் ஆகியிருக்கிறதா இல்லையா?

தொப்பூர் இறக்கம் · காலை 8.05

நான் இதுவரை மேற்கோள் காட்டிய ஆய்வுகளில் இல்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 59 பேரை வைத்து நடந்த அல்டிமா ஆய்வு ஹெப்பாரினோடு நேருக்கு நேர் பார்த்தது. வலது அறையின் அகலத்தை இடது அறையோடு ஒப்பிடும் எண், காத்தீட்டர் பக்கம் ஒரே நாளில் 1.28லிருந்து 0.99க்கு இறங்கியது. ஹெப்பாரின் பக்கம் 1.20லிருந்து 1.17தான். இதயம் சீக்கிரம் இளைப்பாறுகிறது என்பதற்கு அது சாட்சி. 59 பேரை வைத்து உயிர் பிழைப்பதைப் பற்றிப் பேச முடியாது.

எனவே கட்டி என்றதுமே எல்லோருக்கும் காத்தீட்டர் என்று ஓர் ஆஸ்பத்திரி சொன்னால் நீங்கள் சந்தேகப்படலாம். நானும் படுவேன். நடுத்தட்டில் இருந்து சரியத் தொடங்கிய ஆளுக்கு, அதுவும் மூன்று வாரத்துக்குள் விழுந்து எலும்பு முறிந்ததால் முழு அளவு மருந்து கொடுக்கப் பயப்பட வேண்டிய ஆளுக்குச் சொன்னால், அது பில்லுக்காகச் சொன்னது இல்லை.

இன்னொன்று, இந்த இழையைப் படிக்கும் பலர் கவனிக்காமல் போகலாம். நேற்று உண்மையில் பெரிய காரியம் செய்தவர் தர்மபுரியில் எக்கோ எடுத்தவர். சந்தேகம் வந்த இடத்திலேயே ஹெப்பாரினைப் போட்டுவிட்டு அனுப்பினார். சிடி எடுத்து உறுதியாகட்டும், சேலத்தில் போட்டுக்கொள்ளட்டும் என்று வெறுங்கையோடு அனுப்பியிருந்தால், தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். காத்தீட்டர் எல்லா ஊரிலும் இருக்கப் போவதில்லை. ஹெப்பாரின் எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஓய்வு வாத்தியார் · காலை 9.30

எல்லோரும் புது ஆய்வுகளையே பேசுகிறீர்கள். கொஞ்சம் பழைய கதையும் இருக்கட்டும். 1908ல் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து நுரையீரல் தமனியிலிருந்து கட்டியை எடுக்கும் முறையை வகுத்தார். அவர் கையில் ஒரு நோயாளிகூட நிரந்தரமாகப் பிழைக்கவில்லை. 1924ல் அவருடைய மாணவர் கிர்ஷ்னர்தான் முதல் ஆளைப் பிழைக்க வைத்தார். கரைப்பு மருந்தின் கதை இன்னும் வேடிக்கை. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமி மனித ரத்த உறைவைக் கரைப்பதை 1933ல் டில்லெட்டும் கார்னரும் கண்டார்கள். அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் மாரடைப்புக்கு எத்தனையோ வருடம் போட்ட மருந்து.

ராயக்கோட்டை ரோடு · காலை 9.41

சார், அந்தப் பையன் ஐசியூ வாசலில் நிற்கிறான்.

ஓய்வு வாத்தியார் · காலை 9.44

நிற்பவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டாமா?

சந்தூர் தோப்பு · மாலை 6.20

வாத்தியார் சார் எழுதியதையும் படித்தேன், நேரம் போனது, நன்றி.

விடியற்காலை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு காத்தீட்டர், சாதாரண வகைதான், தொடை வழியாக. மத்தியானம் பல்ஸ் 104. இப்போது 96. ஆக்சிஜன் மூக்குக் குழாய்க்கு மாற்றிவிட்டார்கள். அரூர் ஐசியூ அக்கா சொன்ன மாதிரியே அப்பாவுக்குக் கோபம். "ஊர் பேர் கேட்கிறாள் மணிக்கு ஒரு தரம், நான் என்ன காணாமல் போன ஆளா" என்று என்னிடம் முறையிட்டார். அவருக்குப் பேச மூச்சு இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். தொடையில் துணி ஒரு தடவை நனைந்தது, அழுத்திப் பிடித்துச் சரி செய்தார்கள். இரவு மருந்தை நிறுத்தி எடுத்துவிடுவார்களாம்.

அரூர் ஐசியூ · இரவு 7.00

உறையை எடுத்த பிறகு அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னும் சில மணி நேரம் கால் நீட்டித்தான் இருக்க வேண்டும். எழுந்து உட்காருகிறேன் என்று அடம் பிடிப்பார். நீங்கள் பக்கத்தில் இருங்கள். இருமல் வந்தால் அந்த இடத்தைக் கையால் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போச்சம்பள்ளி பாவு · மறுநாள்

அப்பா தேறி வருவதில் மகிழ்ச்சி. ஆனால் நாட்டுக் கட்டினால் வந்தது என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு அந்தக் கட்டில்தான் கால் சேர்ந்தது.

தொப்பூர் இறக்கம் · மறுநாள்

யாரும் எழுதவில்லை, நானும் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இதே கட்டி வரும். காலை அசைக்காமல் படுத்திருந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை, அடிபட்ட சிரையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வித்தியாசம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால், இவருக்கு உறையாமல் இருக்க ஊசி தேவையா என்று ஒருவராவது யோசித்திருக்க வாய்ப்பு உண்டு. எங்கே கட்டினாலும் கால்விரல்களை அசைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள், முடிந்த அன்றே ஊன்றுகோலில் எழுப்புங்கள். கட்டுக்கு மேலே தொடை வீங்கினாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் கனத்து வலித்தாலோ, "கட்டு இறுக்கம், சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். டாப்ளர் ஸ்கேன் ஒன்று போதும், கட்டி காலிலேயே இருக்கும்போது தெரிந்துவிடும்.

காரிமங்கலம் செல்வி · மறுநாள்

பெண்களுக்காக ஒன்று கேட்கிறேன். கோயில் திருவிழா, வீட்டு விசேஷம் என்றால் நாள் தள்ளிப்போக மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அதனாலும் கட்டி வரும் என்கிறார்களே, உண்மையா?

தொப்பூர் இறக்கம் · மறுநாள்

பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரைகள் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியவை. ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரையில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். நாள் தள்ளப் போடும் நாரெத்திஸ்டெரோனிலும், அதிக அளவில் போடும்போது, ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜெனாக மாறுகிறது. முன்பு கட்டி வந்தவர்கள், வீட்டில் இளவயதில் யாருக்காவது கட்டி வந்திருந்தால், பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்கள், கால் கட்டோடு படுத்திருப்பவர்கள் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். மாத்திரை போடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே காட்டுங்கள்.

சந்தூர் தோப்பு · சில நாள் கழித்து

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். எக்கோவில் வலது அறை சுருங்கி ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், முதல் ஒரு வாரம் 10 மில்லிகிராம் இரண்டு வேளை, அப்புறம் 5 மில்லிகிராம் இரண்டு வேளை. மூன்று மாதம் கட்டாயம் என்றார்கள். காலை ஆர்த்தோ டாக்டர் பார்த்து வேறு கட்டு போட்டார்.

இரண்டு சந்தேகம். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை கூடாதென்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அம்மா களிக்குக் கீரை கடைவதையே நிறுத்திவிட்டார். இரண்டாவது, அப்பா ஐசியூவில் இருந்தபோது, அவருக்குத் திருப்பதியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். வேண்டுதலை உடனே முடிக்க வேண்டும் என்று நிற்கிறார். மாமாதான் இப்போது முதல் ஆளாக வண்டி பேசுகிறார்.

தொப்பூர் இறக்கம் · அன்றே

கீரைத் தடை வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைக்கு உரியது. அதிலும் கீரையே கூடாது என்பதில்லை, தினமும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து மருந்தைச் சரி செய்வார்கள். அபிக்ஸபானுக்கு அந்தக் கவலையே இல்லை. களியும் கீரையும் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது. நன்றாக இருக்கிறேனே என்று பாதியில் நிறுத்தி, மறுபடி கட்டியோடு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். வலி மாத்திரை கடையில் கேட்டு வாங்க வேண்டாம், டைக்ளோஃபெனாக் வகை இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். பழைய ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்த பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினால் சொல்லுங்கள். சிலருக்குக் கட்டி வடுவாக ஒட்டிக்கொண்டு நுரையீரல் அழுத்தம் கூடும், அதற்குத் தனி ஸ்கேன், தனிச் சிகிச்சை உண்டு.

மொட்டைக்கு ஒன்றும் அவசரமில்லை. கத்தி பட்டால் சாதாரண ஆளைவிடக் கூடுதல் நேரம் ரத்தம் வரும். மூன்று மாதம் கழித்து மருந்து நின்றதும் அடிக்கட்டும். அம்மா கேட்கவில்லையென்றால், அம்மாவே மூன்று கத்தரி முடி கொடுத்துவிட்டு வரலாம், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். எப்போது போனாலும் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே மூச்சாக ஓட்டாதீர்கள். வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி, அப்பாவை இறக்கி நடக்க விடுங்கள்.

சந்தூர் தோப்பு · அன்றே

மொட்டையைத் தள்ளி வைத்தாகிவிட்டது. முடியை மாமா கொடுக்கிறாராம்.